ஒரு பார் குறைவு: ராக் பாட்டுகளில் எடுத்துவிடும் கலை

பீட்டில்ஸின் 'யெஸ்டர்டே' பாட்டை ஓடவிட்டு மேசையில் தட்டி எண்ணிப் பாருங்கள். நான்கு பீட் சேர்ந்தால் ஒரு பார். மேற்கத்திய வெகுஜனப் பாட்டில் சரணம் என்றால் பெரும்பாலும் எட்டு பார், அல்லது பதினாறு. ப்ளூஸ் என்றால் பன்னிரண்டு. 'யெஸ்டர்டே'யின் சரணம் 7 பாரில் முடிந்து, மூச்சு விடாமல் அடுத்த சரணம் தொடங்கிவிடுகிறது. உலகம் முழுக்கப் பாடித் தீர்த்த பாட்டு இது. இருந்தும் ஒரு பார் குறைவதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் கவனித்திருக்க மாட்டார்கள்.

ராக் இசையின் பொற்காலத்தில் எழுதிய கெட்டிக்காரர்களைப் பற்றிப் பேசும்போது, கடினமான சோலோ, பிரம்மாண்டமான ஏற்பாடு என்று சேர்த்த விஷயங்களைத்தான் நாம் அடுக்குகிறோம். எடுத்துவிட்ட விஷயங்களைப் பட்டியல் போட்டால் அவர்களின் மூளை இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது என் கட்சி. ஒரு பார், ஒரு பீட், அரை பீட், பேஸின் (அடிச்சுரங்களை வாசிக்கும் கிட்டார்) ஒரு சுரம், கிட்டாரின் ஒரு கம்பி. அந்த வெட்டு எங்கே விழுந்தது, ஏன் நமக்கு உறுத்தவில்லை என்று பார்ப்பதில் பெரிய சுகம் இருக்கிறது. வாசிப்பவர்களுக்கு இது உபயோகமும்கூட. மேடையில் இந்தப் பாட்டுகள் சரியும் இடங்கள் பெரும்பாலும் இந்த வெட்டுகள்தான்.

'யெஸ்டர்டே'யையே முதலில் பிரித்துவிடலாம். பால் மெக்கார்ட்னி இதைப் பதிவு செய்தது 1965 ஜூன் 14. அதே நாளில்தான் தொண்டை கிழியக் கத்தும் 'ஐ'ம் டவுன்' பாட்டையும் பாடினார். மூன்று நாள் கழித்து நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்தன. சரணத்தின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) பார் வாரியாக இப்படிப் போகும், ஒவ்வொரு கோடும் ஒரு பாரின் முடிவு: எஃப் | இ மைனர் 7, ஏ 7 | டி மைனர் | பி ஃப்ளாட், சி 7 | எஃப் | டி மைனர், ஜி 7 | பி ஃப்ளாட், எஃப். மொத்தம் ஏழு.

முதல் பாரில் பாட்டின் தலைப்புச் சொல் மட்டும் தனியாக நிற்கிறது. மீதி வரிகள் இரண்டிரண்டு பாராக அதன் பின்னால் வருகின்றன: ஒன்று கூட்டல் மூவிரண்டு ஆறு. சொல்லின் அளவுக்கே பார் அமைந்திருக்கிறது. வேறொருவராக இருந்தால் அந்தத் தனிச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பார் காலியாக விட்டு எட்டாக்கியிருப்பார். கடைசிப் பாரைக் கவனியுங்கள். இரண்டு பீட் பி ஃப்ளாட், இரண்டு பீட் எஃப். அடுத்த சரணத்தின் முதல் பாரும் எஃப். ஆக முடிவும் தொடக்கமும் ஒரே கார்டில் ஒட்டிக்கொள்கின்றன. ஆறு பீட்டுக்குத் தொடர்ந்து எஃப் ஒலிப்பதால், எட்டாவது பாரில் கிடைக்க வேண்டிய ஓய்வு கிடைத்துவிட்டதாகவே காது எடுத்துக்கொள்கிறது. வெட்டு தெரியாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மெட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டி சுரத்தை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள். இரண்டாவது பாரில் மெட்டு ஏறும்போது சதுச்ருதி தைவதமும் காகலி நிஷாதமும் வருகின்றன. அடுத்த வரியில் இறங்கும்போது கைசிகி நிஷாதம், சுத்த தைவதம். ஏறும் வரி கவலைகள் வெகுதூரத்தில் இருந்த நேற்றைப் பற்றியது, இறங்கும் வரி அவை இங்கேயே தங்கிவிட்ட இன்றைப் பற்றியது. மேற்கத்திய இசைப் பாடத்தில் மெலாடிக் மைனர் என்று சொல்லிக்கொடுக்கும் ஏற்ற இறக்கம் இது. மெக்கார்ட்னிக்கு மேற்கத்திய இசைக்குறிப்பு எழுதப் படிக்கத் தெரியாது.

வாசிக்கப் போகிறவர்களுக்கு: இந்தப் பாட்டில் கிட்டாரின் ஆறு கம்பிகளும் ஒரு முழு சுரம் இறக்கப்பட்டிருக்கின்றன. விரல் பிடிப்பது ஜி வடிவம், ஒலிப்பது எஃப். சாதாரண டியூனிங்கில் எஃப் பிடித்து வாசித்தால் திறந்த கம்பிகளின் முழக்கம் போய்விடும், ஜி பிடித்தால் ரெக்கார்டை விட ஒரு சுரம் மேலே நிற்பீர்கள். இறக்கிய கம்பி தளர்ந்து ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) மோதிச் சலசலக்கும். 12 அளவுக் கம்பி போட்டால் அது பெரும்பாலும் சரியாகும். பக்கவாத்தியக்காரர் செய்யும் வழக்கமான தவறு, பழக்கதோஷத்தில் எட்டாவது பாரைத் தானாகச் சேர்ப்பது. பாடகர் அடுத்த சொல்லை எடுத்துவிட்டிருப்பார், கிட்டார் இன்னும் ஓய்வில் இருக்கும். நடுப்பகுதி மட்டும் ஒழுங்கான எட்டு பார் என்பதால், அதிலிருந்து சரணத்துக்குத் திரும்பும் இடத்தில்தான் இந்தச் சறுக்கல் அதிகம்.

ஒரு பாரை எடுப்பதை விட அரை பீட்டை எடுப்பது ஆபத்தானது. பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் அதை 1969-ல் செய்தார். 'ஹியர் கம்ஸ் த சன்', கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில், வியாபாரக் கூட்டங்களுக்கு மட்டம் போட்ட ஒரு நாளில் எழுதியது. ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி. பிடிப்பது டி வடிவம், ஒலிப்பது ஏ. சரணமும் பல்லவியும் பெரும்பாலும் நான்கு பீட்டில் நிம்மதியாக நடக்கின்றன. நடுவில் சூரியனை மூன்று முறை கூப்பிடும் பகுதி வந்ததும் காலடியில் தரை நகர்கிறது.

அரை பீட்டை ஓர் எண்ணாக வைத்துக்கொண்டால் அந்தப் பகுதியின் கணக்கு 11, 8, 7. மொத்தம் 26. முதல் பதினொன்று 3, 3, 3, 2 என்று பிரிகிறது. சூரியனைக் கூப்பிடும் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று, 'இதோ' என்ற அர்த்தத்தில் வரும் இரண்டு சின்னச் சொற்களுக்கு இரண்டு, 'வருகிறது' என்ற சொல் அடுத்த பாரின் முதல் தட்டில் இறங்கும். நம் சொற்கட்டிலேயே எண்ணலாம்: தகிட தகிட தகிட தக, தகதிமி தகதிமி, தகதிமி தகிட. கிட்டாரின் அழுத்தங்கள் உள்ளே வேறு இடங்களிலும் விழும், ஆனால் கூட்டுத்தொகைக்கு இது போதும். இப்போது எங்கே வெட்டினார் என்று பாருங்கள். 12-ல் ஒன்று போனால் 11. 8 அப்படியே. 8-ல் ஒன்று போனால் 7. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அரை பீட், அதாவது சரியாக ஒரு பீட், காணாமல் போகிறது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் நாம் எதிர்பார்த்ததைவிடச் சற்று முன்னாலேயே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

ஹாரிசன் 1966-ல் இந்தியாவுக்கு வந்து ரவிசங்கரிடம் சித்தார் படித்தவர். மூன்று மூன்றாகக் கட்டித் தாளத்துக்குக் குறுக்கே போய் ஓர் இடத்தில் வந்து இறங்கும் இந்தப் புத்தி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் சித்தார், தபலா என்று எதையும் இந்தப் பாட்டில் காணோம். இரண்டு மூன்று வருடம் முன்பு சித்தாரை நேரடியாகப் பாட்டில் வைத்தவர், இங்கே வாத்தியத்தை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். இந்திய இசையைத் தொட்ட ராக் பாட்டுகளிலேயே இது மேலானது என்பேன்.

பயிற்சிக்கு ஒரு வழி: முதலில் கிட்டாரைத் தொடாதீர்கள். கால் தட்டாமல் சொற்கட்டை மட்டும் சமமான வேகத்தில் பத்து சுற்று சொல்லுங்கள். காலில் நான்கு தட்டிக்கொண்டே கற்க முயன்றால் 11 தானாக 12 ஆகிவிடும், சூரியன் இழுபடும். கார்டு வடிவங்கள் எஃப், சி, ஜி, டி. கேப்போவோடு ஒலிப்பவை சி, ஜி, டி, ஏ. கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டிப் போடுங்கள். ஏழாவது ஃப்ரெட்டில் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் தடித்த கம்பிகள் சுருதி ஏறும், அதனால் போட்ட பிறகு மறுபடி டியூன் செய்வது கட்டாயம்.

பிங்க் ஃப்ளாய்டின் 'மனி' ஒரு பீட்டை எடுத்த பாட்டு. 1973-ல் வந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தில் இருக்கிறது. எட்டு பீட் இருக்க வேண்டிய பேஸ் கோர்வையில் ஏழுதான். தொடக்கத்தில் வரும் காசு, கிழியும் காகிதம், கல்லாப்பெட்டி ஓசைகளும் ஏழு. ஓசைகளைப் பதிந்து நினைத்த இடத்தில் ஒலிக்கவிடும் சாம்ப்ளர் இல்லாத காலம் அது. குழுவின் பேஸ் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் தன் மனைவி மட்பாண்டத்துக்கு மண் கலக்கும் கிண்ணத்தில் சில்லறையை எறிந்து பதிவு செய்தார். ஒவ்வொரு ஓசைக்கும் டேப்பை ஒரே நீளத்தில் ஸ்கேல் வைத்து வெட்டி, ஏழு துண்டுகளை ஒட்டி, வளையமாக்கி, மெஷினுக்கு வெளியே மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டார்கள். இதன் கணிதத்தை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது, வேகம் நிமிடத்துக்கு 120 பீட் என்றால், ஒரு பீட்டுக்கு 7.5 அங்குலம். ஏழுக்கு 52.5. வெட்டும்போது கால் அங்குலம் தவறினால் அந்தத் தட்டு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நகரும். ஒரு தடவைக்கு அது பெரிதல்ல. ஆனால் வளையம் சுற்றச் சுற்ற அந்த நொண்டல் அதே இடத்தில் வந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பாட்டில் எனக்குப் பிடித்த வெட்டு வேறு. சாக்ஸபோன் சோலோவை டிக் பாரி ஏழிலேயே வாசிக்கிறார். கிட்டார் சோலோ வரும்போது டிரம்ஸ் நான்குக்கு மாறுகிறது. இவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்த மூச்சு வெளியே போகிறது. டேவிட் கில்மோர் மூன்று சுற்று வாசிக்கிறார். இரண்டாவது சுற்றில் எதிரொலி, அடுக்கு எல்லாவற்றையும் உருவிவிட்டு வறண்ட சத்தமாக, காதுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிற மாதிரி வைத்தார்கள். மூன்றாவது சுற்றில் எல்லாம் திரும்பும்போது அது இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறது. வால்யூமைத் திருகிப் பெரிதாக்குவதை விட இது எவ்வளவு மேலான வேலை! இதை வாசிக்கும் குழுக்கள் பலவும் நடுச்சுற்றிலும் எதிரொலி தரும் டிலேயை அப்படியே ஓடவிடுகிறார்கள். அப்புறம் மூன்றாவது சுற்றுக்கு ஏறுவதற்கு இடமே இருக்காது.

'மனி'யில் ஏழு என்பது நொண்டலாகத் தெரிய வேண்டும், தெரிகிறது. பீட்டர் கேப்ரியல் 1977-ல் அதே ஏழை யாருக்கும் தெரியாமல் வைத்தார். 'சால்ஸ்பரி ஹில்', ஜெனிசிஸ் குழுவை விட்டு வந்த பிறகு எழுதியது. இங்கிலாந்தில் பாத் நகரத்துக்குப் பக்கத்தில் நிஜமாகவே இருக்கும் குன்று. டிரம்ஸ் எங்கேயும் 'இது ஏழு' என்று கோடு போட்டுக் காட்டுவதில்லை. காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் ஒவ்வொரு பீட்டிலும் ஒரே சீராக விழுகிறது. நடந்துகொண்டே கேட்டால் நடை தடுமாறாது. ஆனால் ஏழு ஒற்றைப்படை. ஒரு சுற்று இடது காலில் தொடங்கினால் அடுத்த சுற்று வலது காலில் தொடங்கும். நடப்பவருக்கு மட்டும் தெரியும் ரகசியம் இது. பல்லவி முடியும் இடத்தில் இரண்டு பார் மட்டும் நான்கு பீட்டில் வருகிறது, வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்ற சேதி வரும் இடம் அது. அதுவரை ஒரு பீட் குறைவாகவே நடந்து பழகிய காதுக்கு அந்த இரண்டு பாரும் சமதரை. டிரம்மர்கள் இங்கே செய்யக்கூடாதது ஒன்றே: ஏழைப் புரிந்துகொண்ட பெருமையில் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மை வைத்து அதை அடிக்கோடிடுவது.

எதையும் எடுக்காமலும் தாளத்தில் இந்த மயக்கத்தை உண்டாக்கலாம். லெட் ஸெப்பெலினின் 'காஷ்மீர்' (1975) அப்படி. கிட்டார் மூன்று பீட்டில் சுற்றுகிறது, ஜான் பானமின் டிரம்ஸ் நான்கில். நான்கு கிட்டார் சுற்றும் மூன்று டிரம்ஸ் பாரும் 12-ல் சந்திக்கின்றன. டிரம்மர் கிட்டாரின் அழுத்தத்தைக் கேட்டு மூன்றுக்குச் சாய்ந்தால் பாட்டு மூன்று பீட் நடனமான வால்ட்ஸ் ஆகிவிடும். அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

தாளத்தை விட்டுச் சுரத்துக்கு வந்தால், பீச் பாய்ஸின் 'காட் ஒன்லி நோஸ்'. 1966-ல் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்துக்கு பிரையன் வில்சன் இசையமைக்க, டோனி ஆஷர் வரிகளுக்குத் துணை நின்றார். காதல் பாட்டு ஒன்று 'உன்னை எப்போதும் காதலிப்பேன் என்று சொல்ல மாட்டேன்' என்ற பொருளில் தொடங்குவதே துணிச்சல். வில்சன் அந்த நிச்சயமின்மையை கார்டுகளுக்குள்ளும் வைத்தார். இந்தப் பாட்டின் வீடு இ மேஜரா, ஏ மேஜரா என்பதே விவாதத்துக்குரியது. சரணத்தில் இ மேஜர் வரும்போது அடியில் பேஸ் இ-யை வாசிக்காமல் பி-யில் நிற்கிறது. பல்லவியில் ஏ-யிலிருந்து இறங்கும்போது வரும் இ மேஜருக்கு அடியில் ஜி ஷார்ப். கார்டின் பெயர்ச்சுரத்தை, அது எதிர்பார்க்கப்படும் இடத்திலிருந்து வில்சன் எடுத்துவிட்டார். வீடு தெரிகிறது, வாசற்படி இல்லை.

இந்தப் பாட்டை வாசிக்கும் பேஸ் கலைஞர் கார்ட் சீட்டை மட்டும் பார்த்து இ-க்கு இ, ஏ-க்கு ஏ என்று அடித்தால் பாட்டு செத்துவிடும். ஒரு சுரமும் தப்பாக இருக்காது, எல்லா கார்டும் சரியாகவே இருக்கும், ஆனால் ஏதோ சர்ச் கூட்டுப்பாட்டு மாதிரி ஆகிவிடும். சாய்வுக்கோடு போட்டு அடியில் எந்தச் சுரம் என்றும் சொல்லும் (இ/பி மாதிரி) கார்ட் சீட்டாகத் தேடி எடுங்கள். பியானோவில் வாசிப்பவர் இடது கையில் அந்தச் சுரத்தை மட்டும் ஒற்றையாக வைத்தால் போதும். ஆக்டேவ், அதாவது அதே சுரத்தை இன்னொரு ஸ்தாயியிலும், சேர்த்தால் கனம் கூடிச் சரணத்தின் மிதப்பு போய்விடும். கடைசியில் சுற்றிச் சுற்றி வரும் குரல்களிலும் இதே சிக்கனம்: பிரையனும் புரூஸ் ஜான்ஸ்டனும், இரண்டே பேர், மூன்று பகுதிகளைப் பாடியிருக்கிறார்கள்.

பேஸை மொத்தமாகவே எடுத்தவர் பிரின்ஸ். 1984-ன் 'வென் டவ்ஸ் க்ரை'யில் பேஸ் வாசித்து, கேட்டு, பிறகு நீக்கினார். நடனப் பாட்டில் அப்படிச் செய்வதற்கு இருக்க வேண்டிய தன்னம்பிக்கையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

கடைசியாகக் கம்பி. ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் 60-களின் கடைசியில் ஓப்பன் ஜி டியூனிங்குக்கு, அதாவது விரல் வைக்காமலே ஜி மேஜர் ஒலிக்கும் சுருதிக்கு, வந்தார். ஐந்தாவது கம்பியை ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதல் கம்பியை இ-யிலிருந்து டி-க்கும் இறக்க வேண்டும். நடுவில் உள்ள டி, ஜி, பி மூன்றும் அப்படியே. ஆறாவது கம்பியை டி-க்கு இறக்குவது வழக்கம். அவர் அதைக் கழற்றியே போட்டுவிட்டார். காரணம் எளிது. ஆறாவது இருந்தால் அடியில் ஒலிப்பது டி, அதாவது பஞ்சமம். அது போனால் அடியில் ஸட்ஜமான ஜி நிற்கும், கையை வீசி அடித்தாலும் தப்பான சுரம் கிடையாது.

'பிரவுன் சுகர்' (1971), 'ஸ்டார்ட் மீ அப்' (1981) எல்லாம் இந்த ஐந்து கம்பிகளின் பிள்ளைகள். ஆட்காட்டி விரலால் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஐந்து கம்பிகளையும் அழுத்துங்கள், சி மேஜர். அதை விடாமல் நடுவிரலை இரண்டாவது கம்பியில் ஆறாவது ஃப்ரெட்டிலும், மோதிர விரலை நான்காவது கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டிலும் வையுங்கள். முதல் கம்பியை விட்டு அடித்தால், அடியில் சி அப்படியே நிற்க மேலே எஃப் மேஜர் வரும். விரலை எடுத்தால் மறுபடி சி. ஸ்டோன்ஸின் பாதி முத்திரை இந்த வைத்து எடுப்பதில் இருக்கிறது. சாதாரண டியூனிங்கில் இதைச் செய்தால் விரல்கள் சிக்கிக்கொள்ளும், எடுக்கும் வேகம் கிடைக்காது, சத்தம் கிட்டத்தட்ட வந்துவிட்ட மாதிரி இருந்து வராமல் போகும்.

கிட்டாரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை. மிதக்கும் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கி ஸ்ப்ரிங்கில் அசையும் பாலம்) உள்ள கிட்டாரில் ஒரு கம்பியைக் கழற்றினால் ஸ்ப்ரிங்கின் இழுவை வென்று மற்றக் கம்பிகளின் சுருதி ஏறிவிடும். டெலிகாஸ்டர் போல அசையாத பிரிட்ஜ் இருந்தால் தொல்லை இல்லை. டியூன் செய்யும்போது வேண்டிய சுரத்துக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் இரண்டு தடவை அடிப்பதற்குள் கம்பி நழுவும்.

இந்த ஐந்து கம்பிகளில் அந்தர காந்தாரம், அதாவது பி, ஒரே ஒரு கம்பியில்தான் இருக்கிறது. அதுவும் மேல்பக்கத்தில். டிஸ்டார்ஷன் ஏற்றினாலும் கார்ட் கலங்காமல் இருப்பதற்கு அது முக்கியமான காரணம். டியூனர் காட்டும் பி, இயற்கையான காந்தாரத்தை விட 14 சென்ட் கூடுதல் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஆகவே டியூனரில் நேராக நிறுத்தியபின் அந்த இரண்டாவது கம்பியை மட்டும் காதால் கேட்டுக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், கார்டில் இருந்த நடுக்கம் அடங்கும். அதிகம் இறக்கிவிடக் கூடாது. நடுவிரல் அதே கம்பியில்தான் எஃப் சுரத்தை வைக்கப் போகிறது, அது குறைந்து ஒலிக்கும். ஐந்தாறு சென்ட் இறக்கினால் இரண்டுக்கும் பொருந்தும்.